தெசலீன் வீட்டுக் கைகள்

பாரிசில் தைத்தது என்று சீட்டுக் குத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு விற்கிற பட்டுக் கவுனை, பீலெஃபெல்ட் நகரத்து நிலவறை ஒன்றில் கோண்டாவில்காரி ஒருத்தி தைத்தாள் என்றால் நம்புவீர்களா? நம்பமாட்டீர்கள். அந்தக் கவுனை வாங்கிய சீமாட்டிகளே நம்பவில்லை, நீங்கள் எந்த மூலைக்கு! ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். எங்கள் ஆட்களுக்குள் அவளைப் பற்றி ஒரு நல்ல கதை உலாவுகிறது. அது பாதிக் கதை என்று எனக்குத் தெரியும்.

அவள் பெயர் வத்சலா. கோண்டாவிலில் கலியாணச் சட்டைகளுக்கு மணி கோத்துத் தைத்தவள். புருஷன் நித்தியானந்தன் சங்கக்கடை மனேச்சர். எண்பத்து நான்காம் ஆண்டு மார்கழியில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவனை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முகாம் வாசலில் ஐந்து மாதம் போய் நின்றாள். ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்பதுதான் ஒவ்வொரு நாளும் கிடைத்த பதில். பிறகு ஏழு வயது மகள் பாமாவைக் கொழும்பில் புருஷனின் மாமன் தம்பித்துரை வீட்டில் விட்டுவிட்டு, கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயில் மாறி மேற்கே வந்து, அகதி என்று கை தூக்கினாள். தாயும் பிள்ளையுமாகச் சேர்ந்து வர வழி இருக்கவில்லை. ‘அம்மா போய் உடன கூப்பிடுவன்’ என்று சொல்லிவிட்டு வந்தவள். அந்த ‘உடன’ மூன்று வருஷத்தையும் தாண்டி இழுபட்டது.

பீலெஃபெல்டில் அவளைப் போட்ட அகதி விடுதியை எல்லோரும் ஹைம் என்றார்கள். ஒரு அறையில் இரண்டு கட்டில், மாடிக்கு ஒரு குசினி. வேலை செய்யக் கூடாது. நகர எல்லையைத் தாண்டக் கூடாது. ஜெர்மன் மொழியில் வத்சலா முதலில் கற்ற சொல்லே ‘கூடாது’தான். அகதி மனுவை அங்கே அன்ட்ராக் என்பார்கள். அந்த அன்ட்ராக் வென்றால் பாமாவை முறைப்படி விமானத்தில் எடுப்பிக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். களவாக வேலை செய்து பிடிபட்டால் அன்ட்ராக் அவ்வளவுதான் என்று ஹைமில் எல்லோரும் நம்பினார்கள். சட்டம் அப்படித்தான் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. பயத்துக்குச் சட்டப் புத்தகம் தேவையா என்ன?

அப்படியிருக்க அவள் ஏன் களவு வேலைக்குப் போனாள் என்று கேட்பீர்கள். சும்மா இருந்து பாருங்கள், தெரியும். காலையில் எழும்பித் தபால்காரனைப் பார்ப்பது, மத்தியானம் தபால் இல்லை என்று அழுவது, பின்னேரம் நாளைக்கு வரும் என்று முகம் கழுவுவது. எட்டு மாதம் இப்படிப் போனபோது அறையில் கூட இருந்த பிளோறன்ஸ்தான் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தாள். குருநகர்க் கத்தோலிக்கப் பிள்ளை. கன்னியர் மடத்தில் தையல் பழகியவள். சிரித்தால் மாடிப்படி வரை கேட்கும்.

“அக்கா, உங்கட கை தையல் கையெல்லே? இப்பிடியே ஜன்னலைப் பாத்துக்கொண்டிருந்தால் விசர் பிடிச்சிடும். என்னோட வாங்கோ, ஒரு இடம் இருக்கு.”

“பிடிபட்டால்?”

“பிடிபட்டால் எல்லாரும் சேந்து பிடிபடுவம். உங்களைத் தனிய விட்டிட்டு நான் ஓடவே போறன்?”

அவள் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை அப்படிப்பட்டவள்தான்.

ஹைமில் இருந்து பத்து நிமிஷ நடையில் லோமன் அம்மையாரின் வீடு. மேலே பியானோவும் பூச்செடியும். கீழே நிலவறையில் நீள மேசை, நான்கு மெஷின், ஆளுயரப் பொம்மைகள் இரண்டு. வத்சலா, பிளோறன்ஸ், பக்கத்து அறைச் சந்திரா, மூன்று பேரும் தையற்காரிகள். சந்திரா பத்தொன்பது வயது, பேசினால் காற்றுக்கும் கேட்காது. மெஷினில் அடித்து வருகிற கவுனுக்கு ஓரம் மடித்துக் கையால் தைப்பதும், மணி வைப்பதும் இவர்கள் வேலை. கடைசியில் அம்மையார் ஒரு நாடாச் சுருளில் இருந்து சீட்டு ஒன்றை வெட்டிக் கொடுப்பார். ‘மேசோன் தெசலீன், பாரிஸ், 1911.’ அதைக் கழுத்தில் வைத்து நாலு பக்கமும் தைத்துவிட்டால் கவுன் பாரிசில் பிறந்ததாகிவிடும். ஞானஸ்நானம் கொடுக்கிற மாதிரி என்று பிளோறன்ஸ் சிரிப்பாள்.

இந்தத் தெசலீன் வீட்டுச் சரித்திரத்தைக் கேட்காமல் அங்கே யாரும் ஊசி பிடிக்க முடியாது. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார் அம்மையார். முதல் நாளே கைகட்டி நிற்க வைத்துச் சொன்னார். பிளோறன்சுக்கு ஜெர்மன் ஓரளவு ஓடும். அவள் தமிழில் சொன்னாள். தெசலீன் மடாம் ஒரு சலவைக்காரியின் மகள். பிரபுக்களின் சட்டைகளைக் கழுவிய வீட்டில் வளர்ந்து, அந்தச் சட்டைகளின் உள்தையலைப் பார்த்தே தொழிலைப் பிடித்தவள். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொன்றில் ஒற்றை ஜன்னல் கடையில் கையுறை விற்றாள். முதலாம் யுத்தத்தில் தாதிமாருக்கு மேலங்கி தைத்தாள். யுத்தம் முடிய நடிகைகள் வந்தார்கள், பிறகு இளவரசிகள். கடை மாளிகையாயிற்று. ஐம்பதுகளில் வாசனைத் தைலம், அறுபதுகளில் கைப்பை, எழுபதுகளில் மடாம் கண்ணை மூட, ஒரு கம்பனி பெயரை மட்டும் வாங்கிக்கொண்டது. பெயர் பாரிசில் இருந்தது, ஊசி எங்கெங்கோ போயிற்று.

கெட்டிக்காரிதான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் சுவரில் மாட்டிய சரித்திரம் முப்பத்தொன்பதில் இருந்து நாற்பத்தைந்துக்கு ஒரே தாவாகத் தாவியது. இடையில் என்ன நடந்தது என்று பிளோறன்ஸ் வாய் பொறுக்காமல் கேட்டுவிட்டாள். லோமன் அம்மையாரின் முகம் மலர்ந்தது.

“அப்போது நான் அங்கே இருந்தேன்,” என்றார். “எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் படை பாரிசைப் பிடித்தபோது அப்பாவுக்கு அங்கே உத்தியோகம். என்னை மடாமிடம் தொழில் பழக விட்டார். கடை ஒரு நாள்கூட மூடவில்லை. மடாமின் தொழில் பங்காளி ஒரு யூதர். எல்லாப் பெரிய கவுன்களுக்கும் துணி வெட்டியவர் அவர். ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கடைப் பலகையில் அவர் பெயர் இல்லை. புதன்கிழமை வேறொருவர் கத்திரிக்கோலைப் பிடித்தார். வேலை ஒரு மணித்தியாலம் தாமதப்படவில்லை. ஒழுங்கு என்றால் அது!”

இன்னொன்றும் சொன்னார். ஒரு முறை அதிகாரி ஒருவரின் மனைவிக்குத் தைத்த மேலங்கியின் உட்துணிக்குள் ஒரு துண்டுக் கடதாசி. ஊதா மையில் சாபம் எழுதியிருந்தது. மடாம் கத்தவில்லை, குரலை உயர்த்தவேயில்லை. பதினொரு தையற்காரிகளையும் மேசையில் கைகளை வைக்கச் சொன்னாள். நான்கு பேரின் விரலில் ஊதா மை. வீட்டில் அளவு எழுதுகிற புத்தகத்துக்கும் அதே மைதான். எழுதியவள் ஒருத்தி, மை இருந்தது நாலு பேருக்கு. மத்தியானத்துக்கு முன் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

“அப்ப மற்ற மூண்டு பேரும்?” என்று பிளோறன்ஸ் கேட்டாள்.

“வீடு சுத்தமாயிற்று,” என்றார் லோமன் அம்மையார். பிறகு மூன்று பேருக்கும் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். நல்ல கோப்பி.

வத்சலாவுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. ஆனாலும் அடுத்த நாள் போனாள். ஊசியைப் பிடித்தால் பாமாவின் அழுகைச் சத்தம் காதில் குறைந்தது, அதற்காகப் போனாள்.

மூன்றாம் கிழமை ஒரு கலியாணக் கவுன் வந்தது. வெள்ளைப் பட்டு, பால் நிறம். ஓரம் மடிக்கவே நாலு நாள். முடித்துவிட்டு மடியில் வைத்துப் பார்த்தாள். யாரோ ஒரு பெண் பிள்ளை உடுத்திக்கொண்டு கலியாண மேடைக்குப் போகப் போகிறாள், இந்தத் துணியில் ஒரு சொட்டு மஞ்சள் இல்லை! எங்கள் சனம் புது உடுப்பை மூலையில் மஞ்சள் தொடாமல் உடம்பில் போடுமா? ஒரு முழம் சீத்தைத் துணிக்கே தொடுகிறவர்கள். கலியாணப் பட்டை மொட்டையாக அனுப்பினால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று அவளுக்கு மனம் அடித்துக்கொண்டது. ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்று சும்மாவா சொன்னார்கள். தம்பித்துரை மாமா அனுப்பிய மஞ்சள் தூளில் கொஞ்சம் கடதாசியில் மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். மோதிர விரலால் தொட்டு, ஓரத்தின் உள்மடிப்புக்குள், கடுகளவு ஒரு பொட்டு வைத்து, மேலே தைத்து மூடினாள்.

யாருக்கும் காட்டவில்லை. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவள் மங்கலப் பொருளுக்கு மஞ்சள் தொடலாமா என்று யாராவது கேட்டால்? பிளோறன்ஸ் கேட்கமாட்டாள், அவளுக்கு இந்த வழக்கமே இல்லை. சந்திரா வாயால் கேட்கமாட்டாள், கண்ணால் கேட்பாள். அதனால் ஒளித்துச் செய்தாள். பிறகு ஒவ்வொரு கவுனிலும் செய்தாள். பொட்டு வைக்கும்போது, ‘என்ரை பிள்ளையும் வந்திடோணும்’ என்று மனதுக்குள் சொல்வாள். அந்த வருஷம் முழுக்க பெரிய இடத்துப் பெண்கள் பாமாவின் பெயரை ஓரத்தில் இழுத்துக்கொண்டு நடந்தார்கள், பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்!

எண்பத்தேழு தை மாதம் நிலவறைக்குக் கவுன் வருவது நின்றது. ஒரு கிழமை, இரண்டு கிழமை. லோமன் அம்மையார் கோப்பி ஊற்றவில்லை. சீட்டுச் சுருளை எடுத்துப் பூட்டி வைத்தார். முடிந்த கவுன்களின் ஓரங்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார், என்ன தேடுகிறார் என்று சொல்லவில்லை.

“ஏதோ பிழைச்சுப் போச்சு அக்கா,” என்றாள் பிளோறன்ஸ். “மனிசி என்ரை முகத்தைப் பாக்குதில்லை, கையைப் பாக்குது.”

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்! வத்சலா மஞ்சள் மடித்த கடதாசியை அன்றே அடுப்பில் போட்டாள்.

மாசி மாதம் முதல் ஞாயிறு, பிளோறன்சும் சந்திராவும் வெளியே போயிருந்த நேரம், ஹைம் வாசலில் ஒரு தமிழ்ப் பையன் வந்து நின்றான். பையன் என்றால் இருபத்தெட்டு வயது, கழுத்தில் கம்பளிச் சால்வை, கையில் இனிப்புப் பெட்டி. பெயர் சேதுராமன். மெட்ராஸ்காரன். துணிச் சாயங்களைச் சோதிக்கிற ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறான். இலங்கைத் தமிழர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தேடி வந்திருக்கிறான். முகம் முழுக்கச் சந்தோஷம். வத்சலா குசினியில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தாள்.

“அக்கா, ஒரு மிராக்கிள் சொல்றேன் கேளுங்க,” என்று பையில் இருந்து ஒரு போட்டோவை எடுத்தான். “எங்க லேபுக்கு ஒரு வெட்டிங் கவுன் வந்துது. பிரெஞ்சுக் கம்பெனி, ரொம்ப காஸ்ட்லி. சலவைக்குப் போட்டப்போ ஓரத்துல ரத்தம் மாதிரி செகப்பா ஒரு புள்ளி வந்துடுச்சாம். பொண்ணோட அம்மா பயந்து மயக்கமே போட்டுட்டாங்களாம். ரத்தமா, வெஷமா, என்னன்னு டெஸ்ட் பண்ணச் சொல்லி எங்ககிட்ட அனுப்பிட்டாங்க. எங்க புரொபசர் ரெண்டு வாரம் தலையைப் பிச்சுக்கிட்டார். நான் பாத்த ஒடனே சிரிச்சுட்டேன். மஞ்சள்! சோப்பு, சோடா பட்டா மஞ்சள் செகப்பாகும்ல? நம்ம ஆரத்தி! அதே கெமிஸ்ட்ரிதான்.”

வத்சலா போட்டோவைப் பார்த்தாள். பெருப்பித்து எடுத்த படம். மடிப்புக்குள் ஒரு சிவந்த பொட்டு. பக்கத்தில் ஓடுகிற தையல் அவளுடையது. தன் தையல் யாருக்குத்தான் தெரியாது!

“நீங்கள் அவைக்கு என்ன சொன்னனீங்கள் தம்பி?”

“எல்லாம் எழுதிட்டேன்க்கா. மூணு பக்கம்! இது பிளட் இல்ல, டர்மரிக், தமிழர்கள் புதுத் துணிக்கு வைக்கிற மங்கலச் சின்னம், தச்சவங்க தமிழ்ப் பொண்ணாத்தான் இருக்கணும்னு. அவங்களுக்கும் பெருமையா இருக்கும் இல்லியா? பார்சல் பீலெஃபெல்ட்லேர்ந்து வந்த மாதிரி ஒரு சீட்டு இருந்துது, அதான் நேர்ல பாத்து ஒரு வணக்கம் சொல்லலாம்னு வந்தேன். நீங்களா அக்கா அது?”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் அடுத்தவரைக் கெடுத்துவிட்டு இனிப்புப் பெட்டியோடு வந்து நிற்கிறது! அவனைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அவன் பெருமைப்பட்டான், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அகதிக்கு வேலை செய்யக் கூடாது என்பது அந்தப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைக்கு எங்கே தெரியும்?

“இல்லைத் தம்பி. இஞ்ச ஒருத்தரும் தைக்கிறேல்லை. எங்களுக்கு வேலை செய்ய ஏலாது,” என்றாள் வத்சலா.

“ஓ,” என்று அவன் ஏமாந்து போனான். எழும்பும்போது விளையாட்டாக இன்னொன்றும் சொன்னான். “ஆனா கண்டுபிடிக்கிறது ஈசிக்கா. சோடாத் தண்ணியில கையை முக்கினாப் போதும், நகக்கண்ணு செகப்பாயிடும். மஞ்சள் ஒரு வாரம் போகாது. ரிப்போர்ட்ல அதையும் எழுதியிருக்கேன்.”

அவன் படியிறங்கிப் போகும்வரை சிரித்த முகத்தோடு நின்றாள். பிறகு குசினிக் கதவைச் சாத்திவிட்டுத் தேசிக்காயைப் பிளந்தாள், எலுமிச்சைப் புளிக்கு மஞ்சள் விடும் என்று. விரலில் தேய்த்தாள், நகத்துக்குள் தேய்த்தாள், உப்பு வைத்துத் தேய்த்தாள். நகங்களை ஒட்ட வெட்டினாள். சமையல் சோடாவில் விரலை வைத்துப் பார்த்தாள். சிவந்தது. திரும்பவும் தேய்த்தாள். மூன்று நாள் கறி வைக்கவில்லை, கறி தொடவில்லை. வெறுஞ்சோறும் தயிரும். வயிற்றுக்குள் சரியில்லை என்று பிளோறன்சுக்குச் சொன்னாள். அந்தப் பிள்ளை இஞ்சி இடித்துக் கொடுத்தது.

சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கட்டில், கை நீட்டினால் எட்டும். ஆனால் சொன்னால் பொட்டு வைத்தது யார் என்றும் சொல்ல வேண்டும். ‘ஏனக்கா எங்களையும் சேர்த்துக் கிடங்குக்குள்ள தள்ளினீங்கள்’ என்று கேட்டால்? கோபத்தில் வாய்விட்டால்? ஹைம் குசினியில் ஒரு சொல் விழுந்தால் மூன்று மாடிக்கும் போகும், அங்கிருந்து அகதி மனுவைப் பார்க்கிற வெளிநாட்டவர் கந்தோருக்கும் போகும். வக்கீல் வேறு, அடுத்த மாதம் முடிவு வரும் என்று சொல்லியிருந்தார். ஒரு மாதம், ஒரேயொரு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால் பாமா வருவாள். வத்சலா வாயைக் கட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை நிலவறையில் வெள்ளை மேசைவிரிப்பு விரித்திருந்தது. மேலே ஒரு பீங்கான் கிண்ணத்தில் சோடாத் தண்ணீர், பக்கத்தில் வெள்ளைத் துவாய்கள். கதிரையில் கண்ணாடி போட்ட ஒரு கனவான், பாரிசில் இருந்து வந்தவராம். வணக்கம் சொன்னால் தலையாட்டினார். லோமன் அம்மையார் அன்றைக்கு முத்துமாலை போட்டிருந்தார்.

“தெசலீன் வீட்டில் எப்படிச் செய்வோமோ அப்படியே செய்வோம்,” என்றார். குரலை உயர்த்தவேயில்லை. “ஒவ்வொருவராக வந்து கையைத் தண்ணீரில் வையுங்கள்.”

பிளோறன்ஸ் சிரித்துக்கொண்டே போனாள். ஒளிக்க ஒன்றுமில்லாதவள் எதற்குப் பயப்படுவாள்? விரலை வைத்தாள். எடுத்தபோது பத்து நகக்கண்ணும் செம்மண் நிறம். அவளுக்குச் சிரிப்பு நின்றது. சந்திரா அழுதுகொண்டே வைத்தாள். அவளுக்கும் சிவந்தது.

“இதென்ன நியாயம்!” என்று பிளோறன்ஸ் தமிழிலேயே கத்தினாள். “கறி வைக்கிற கையம்மா! மஞ்சள் போடாமல் ஆர் கறி வைக்கிறது? எங்கட ஹைமில வந்து பாருங்கோ, எல்லாற்றை கையும் இப்பிடித்தான்!” பிறகு அதை ஜெர்மனில் சொன்னாள். கனவான் கேட்டுக்கொண்டார். பேனா மூடியைத் திறந்து இரண்டு பெயரை எழுதினார்.

வத்சலா போனாள். விரலை வைத்தாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அம்மையார் துவாயால் ஒற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பால் போல வெள்ளை நகம். “இதுதான் தையற்காரியின் கை,” என்றார் கனவானிடம்.

பிளோறன்சின் பார்வை வத்சலாவின் விரல்களில் வந்து நின்றது. மூன்று நாள் தயிர்ச்சோற்றை நினைத்திருப்பாளோ என்னவோ. பேசு, பேசு என்றது வத்சலாவின் ஒரு மனம். பாமா, பாமா என்றது மற்ற மனம். கனவான் பேனாவை மூடினார். அந்த ‘டக்’ சத்தத்தில்தான் அவளுக்கு வாய் திறந்தது.

“நான்,” என்றாள், தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில். “நான் செய்தது. அவர்கள் இல்லை. நான்.”

லோமன் அம்மையார் அவளுடைய கன்னத்தைத் தட்டினார். கண்ணில் நீர்கூட வந்துவிட்டது அந்த மனிசிக்கு. “உனக்கு நல்ல மனசு,” என்றார். “தோழிகளுக்காகப் பொய் சொல்கிறாய். ஆனால் கை பொய் சொல்லாது.”

வத்சலா திரும்பவும் சொன்னாள். மஞ்சள், கடதாசி, விரல் என்று தெரிந்த சொல்லையெல்லாம் போட்டுச் சொன்னாள். தமிழில் அழுது சொன்னாள். கனவான் மேலங்கியை மாட்டிக்கொண்டார். பிளோறன்ஸ்தான் வந்து அவளைப் பிடித்து, “விடுங்கோ அக்கா, விடுங்கோ,” என்று வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த கிழமை வெளிநாட்டவர் கந்தோருக்குப் பெயரில்லாத ஒரு கடிதம் போயிற்று. ஒரு காலை, ஹைமுக்குப் பொலிஸ் வந்தது. கடிதத்தில் இரண்டு பெயர்தான். இருவரையும் வேறு மாநிலத்தில் எங்கோ ஒரு பழைய படைமுகாமுக்கு மாற்றினார்கள். பிளோறன்சின் அன்ட்ராக் வெயில் காலத்தில் தள்ளுபடியாயிற்று. அவள் எப்படியோ கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். சந்திரா ஒரு லொறியில் எல்லை கடக்கப் போனதாகச் சொன்னார்கள். இன்றுவரை அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

வத்சலாவோ எங்கள் ஆட்களுக்குள் பெரிய ஆளாகிவிட்டாள். தன்னுடைய அன்ட்ராக்கையும் பாராமல் மற்றவர்களின் பழியைத் தன் தலையில் போடப் பார்த்தவள் என்று பிளோறன்சே போவதற்கு முன் குசினியில் நின்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போனாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நல்லதானாலும் கெட்டதானாலும் அது ஓடும். ஆட்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். “இல்லை, உண்மையிலை நான்தான் செய்தனான்,” என்று அவள் சொல்லச் சொல்ல, “பாத்தீங்களோ, இப்பவும் விட்டுக்குடுக்கிறா இல்லை,” என்று இன்னும் கொண்டாடினார்கள். பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

தெசலீன் வீட்டுக்கு எழுபத்தைந்து வயது ஆனதைக் கொண்டாடப் பெரிய சரித்திரப் புத்தகம் ஒன்று அச்சாயிற்று. பளபளப்புத் தாள், தூக்கினால் கை வலிக்கும். லோமன் அம்மையார் அதில் ஒன்றை வத்சலாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் வெள்ளைப் பட்டின் மேல் ஊசி பிடித்த இரண்டு கைகளின் படம். ‘பாரிசின் கைகள்’ என்று கீழே போட்டிருந்தது. சுத்தமான நகம், ஒட்ட வெட்டியது. முகமில்லை, பெயரில்லை. மற்ற இருவரும் போன பிறகு அம்மையார் அவளை இருத்தி எடுப்பித்த படம் அது. அவள் புத்தகத்தைக் கட்டிலின் கீழே தள்ளினாள். அடுத்த மாதம் நிலவறைக்குப் போவதையும் நிறுத்தினாள்.

வக்கீல் சொன்ன ஒரு மாதம் ஒரு வருஷத்துக்கு மேல் இழுபட்டு, எண்பத்தெட்டு ஆனியில் அன்ட்ராக் வென்றது. ஆவணியில் பாமா வந்து இறங்கினாள். பத்து வயது, தாயின் தோளுக்கு வளர்ந்திருந்தாள். விமான நிலையத்தில் முதலில் வெட்கப்பட்டு நின்றாள், பிறகு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அந்த நிமிஷம் வத்சலாவுக்குக் கிடைத்தது. அது பொய்யில்லை. அதை யாரும் அவளிடம் இருந்து பறிக்க முடியாது, நானும் பறிக்க மாட்டேன்.

அடுத்த வருஷம் பங்குனியில், அவர்கள் தனி வீட்டில் இருந்தபோது, கனடாவில் இருந்து ஒரு கடிதம் வந்தது. வத்சலா ரொட்டிக்கு மாப்பிசைந்துகொண்டிருந்தாள். கை முழுக்க மா. “பிளோறன்ஸ் அன்ரி எண்டு போட்டிருக்கம்மா,” என்றாள் பாமா. “வாசிக்கட்டே? என்ரை தமிழ் மறந்து போகேல்லை எண்டு காட்டுறன்.” தாய் சிரித்துக்கொண்டு, “வாசி, வாசி,” என்றாள்.

பாமா எழுத்துக் கூட்டி வாசித்தாள். சுகம், சுகமறிய ஆவல். பனி இடுப்பளவு. ஒரு தொழிற்சாலையில் வேலை. பிறகு இப்படி இருந்தது.

‘அக்கா, சேதுராமன் எண்ட தம்பி என்னை முகாமுக்குத் தேடி வந்து காலில விழாத குறையா மன்னிப்புக் கேட்டவர். சோடாத் தண்ணி விசயம் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும் எண்டு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு வருசமா எழுதுவமோ விடுவமோ எண்டு யோசிச்சன். பொட்டு ஏன் வைச்சனீங்கள் எண்டு கேக்கேல்லை. மேசையில ஏன் பிந்திக் கதைச்சனீங்கள் எண்டும் கேக்கேல்லை, உங்களுக்குப் பிள்ளை இருந்தது. ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. நீங்கள் கையைத் தேய்ச்ச நேரம், பிளோறன்சு நீயும் தேயடி எண்டு ஒரு சொல்லு ஏன் சொல்லேல்லை?’

பாமா கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. “என்னம்மா இது? நீங்கள் அவவுக்கு என்னத்தைச் சொல்லேல்லை? ஏன் சொல்லேல்லை?”

உனக்காகத்தான் என்பது வத்சலாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பதினொரு வயதுப் பிள்ளை. காதில் புதுத் தோடு, கையில் கடிதம், கண்ணை விரித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பதிலை இதன் தலையில் எப்படி வைப்பது?

“மறந்துபோனன் பிள்ளை,” என்றாள்.